நீங்க சேர்ந்த தேதி என்ன? அமெரிக்க ஸ்கூல் டீச்சர் பென்ஷன் - வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த மெயில்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். அமெரிக்கால பப்ளிக் ஸ்கூல்ல வேலை பாக்குற நம்ம பொண்ணுங்க, சில ஆம்பிளைங்களும், எல்லாரும் கேக்குறது "எனக்கு பென்ஷன் உண்டா, எப்போ உண்டு, போட்ட பணத்தை எடுத்துடலாமா"ன்னு. அதனால இந்த தடவை சமையல் சந்தேகம், காலேஜ் அட்மிஷன் எல்லாத்தையும் ஒதுக்கி வச்சுட்டு முழுக்க இதுக்கே எழுதறேன். எந்த ஸ்டேட்டா இருந்தாலும் நான் முதல்ல கேக்கப் போறது ஒண்ணே ஒண்ணுதான், நீங்க மெம்பரா சேர்ந்த தேதி என்ன?

கேள்வி: அக்கா, நான் டெக்சஸ்ல எலிமெண்டரி டீச்சர். 4 வருஷம் முடிச்சு இப்ப அஞ்சாவது வருஷம் ஆரம்பிச்சிருக்கு. வீட்டுக்காரருக்கு நார்த் கரோலினாவுல வேலை கிடைச்சு நவம்பர்லயே கிளம்பணும்ங்கறார். டிஆர்எஸ்ல (டெக்சஸ் டீச்சர் பென்ஷன் ஃபண்டு) இருக்கிற பணத்தை எடுத்து புது வீட்டு அட்வான்ஸுக்கு போட்டுக்கலாமா? - வாசகி, பிளேனோ

எடுக்காதம்மா. ஏன்னு விவரமா சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படி.

டெக்சஸ் டீச்சர் பென்ஷன்ல 5 வருஷ சர்வீஸ் இருந்தாதான் "வெஸ்ட்" ஆகும், அதாவது அதுக்கப்புறம் வேலையை விட்டாலும் 65 வயசுல மாசாமாசம் பென்ஷன் வாங்குற உரிமை உனக்கு நிலைச்சுடும். உனக்கு குறையறது ஒரே ஒரு வருஷம். அந்த ஒரு வருஷத்துக்கு மே மாசம் வரைக்கும் இருக்கணும்னு கூட இல்ல, ஒரு ஸ்கூல் வருஷத்துல 90 நாள் வேலை பாத்தா அது முழு வருஷ கிரெடிட்டா கணக்காகும். ஆகஸ்ட்ல ஆரம்பிச்சிருக்கே, ஜனவரி வாக்குல அந்த 90 நாள் தாண்டிடும். வீட்டுக்காரர் நவம்பர்ல முன்னாடி போகட்டும், நீ ரெண்டு மூணு மாசம் கழிச்சு போ. நடு வருஷத்துல விடறப்போ மட்டும் டிஸ்ட்ரிக்ட்கிட்ட, அதாவது உன்னை வேலைக்கு வச்சிருக்கிற ஸ்கூல் நிர்வாகத்துகிட்ட, முன்கூட்டியே பேசி, கான்ட்ராக்ட்ல இருந்து விடுவிச்சதா எழுத்துல வாங்கிக்கோ, அது இல்லாம கிளம்பினா உன் டீச்சிங் சர்டிஃபிகேட்டுக்கே பிரச்சனை வரலாம். வீட்டுக்காரர் வேலைக்காக ஊர் மாறறது டெக்சஸ் விதிப்படி நியாயமான காரணம்தான், அதனால தயங்காம கேளு.

இப்ப கணக்கு பாப்போம். வருஷ சம்பளம் 60 ஆயிரம் டாலர்னு வச்சுக்கோ. டெக்சஸ் ஃபார்முலா, சர்வீஸ் வருஷத்தை 2.3 சதவீதத்தால பெருக்கி, அதிகமா சம்பளம் வாங்கின 5 வருஷ சராசரியோட பெருக்கணும். 5 வருஷம்னா 11.5 சதவீதம், வருஷத்துக்கு 6,900 டாலர், மாசம் 575. 65 வயசுல இருந்து உயிரோட இருக்கிற வரைக்கும். விலைவாசிக்கு ஏத்த மாதிரி அது தானா ஏறாது, டெக்சஸ்ல அப்படி ஏற்பாடு இல்ல, 2023 நவம்பர்ல ஓட்டு போட்டு, 2020 ஆகஸ்ட் வரைக்கும் ரிட்டையர் ஆகியிருந்தவங்களுக்கு உயர்வு குடுத்தாங்க, அதுக்கு முன்னாடி பல வருஷம் அப்படி நிரந்தர உயர்வு இல்லாம இருந்தாங்க. இத்தனை வருஷம் கழிச்சு 575க்கு இன்னிக்கு இருக்கிற மதிப்பு இருக்காதுங்கறது உண்மைதான். ஆனாலும் அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாரு. உன் சம்பளத்துல இப்ப 8.25 சதவீதம் பிடிக்கறாங்க, நாலு வருஷத்துக்கு கிட்டத்தட்ட 20 ஆயிரம்னு வச்சுக்கோ. கையில செக்கா வாங்கினா 20 சதவீதம் வருமான வரிக்கு பிடிச்சுட்டுதான் தருவாங்க, உன் வயசுக்கு அதுக்கு மேல 10 சதவீதம் அபராத வரி வேற. சரி, டிஸ்ட்ரிக்ட்டும் ஸ்டேட்டும் உனக்காக போட்ட பங்கு? அதுல ஒரு பைசா உன் கைக்கு வராது. எடுக்கறது உன் காசு மட்டும்தான்.

இதை இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. நான் 2000ல டெக்சஸ்ல டீச்சரா சேர்ந்தேன், ஆறு வருஷம் வேலை பாத்தேன், 2006ல இதே மாதிரி வேற ஸ்டேட்டுக்கு கிளம்பினோம். எங்க ஸ்கூல் ஆபீஸ்ல இருந்தவங்க "திரும்பி வரப் போறதில்லன்னா பணத்தை எடுத்துடுங்க, எதுக்கு இங்க கிடக்கணும்"னு ஒரு ஃபாரத்தை நீட்டினாங்க. ரெண்டு பக்க ஃபாரம், கையெழுத்து போட அஞ்சு நிமிஷம் ஆச்சு. பிடிச்சது போக 11 ஆயிரத்து சொச்சம் டாலருக்கு செக் வந்துச்சு, ஒரு பழைய வேன் வாங்கினோம். 2015ல திரும்ப டெக்சஸ் வந்து அதே வேலைல சேர்றப்போதான் தெரிஞ்சுது நான் எதுல கையெழுத்து போட்டேன்னு. ஆறு வருஷமும் அழிஞ்சு போச்சு, அது மட்டும்னா கூட பரவால்ல, நான் புது மெம்பர் ஆயிட்டேன். வயசும் சர்வீஸும் கூட்டி 80 வந்தா முழு பென்ஷன்னு ஒரு விதி இருக்கு, 2007 செப்டம்பர் 1க்கு முன்னாடி சேர்ந்து மெம்பராவே இருந்தவங்களுக்கு அதுக்கு குறைஞ்சபட்ச வயசு எதுவும் கிடையாது. 2014 ஆகஸ்ட் 31ம் தேதி வெஸ்ட் ஆகியிருக்காதவங்களுக்கும், அதுக்கப்புறம் சேர்ந்தவங்களுக்கும், 80 வந்தாலும் 62 வயசு ஆகியிருக்கணும், இல்லன்னா 62க்கு குறையற ஒவ்வொரு வருஷத்துக்கும் 5 சதவீதம் வெட்டுவாங்க. பணத்தை அங்கேயே விட்டிருந்தா நான் பழைய கூட்டத்துல இருந்திருப்பேன். அழிஞ்ச சர்வீஸை திரும்ப பணம் கட்டி வாங்க வழி இருக்கு, ஆனா வருஷா வருஷம் கூட்டு வட்டி கணக்குல கட்டணம் ஏறும், ஒன்பது வருஷத்துக்கு அது எங்க சக்திக்கு மீறி போச்சு. பக்கத்து கிளாஸ்ல என் கூட சேர்ந்த டீச்சர் 54 வயசுல ரிட்டையர் ஆனாங்க. எனக்கு இன்னும் இருக்கு.

அதனால முதல்ல அந்த 90 நாளை முடி. நார்த் கரோலினா சிஸ்டம் தனி, டெக்சஸ் சர்வீஸை அப்படியே அங்க மாத்த முடியாது, அங்க 5 வருஷம் புதுசா ஆரம்பிக்கணும். அங்க 2011ல அதை 10 வருஷமா ஆக்கிட்டு 2014ல திரும்ப 5க்கே கொண்டு வந்தாங்க. ஒரு சட்டசபை எவ்வளவு சுலபமா எல்லையை தள்ளி போடும், பக்கத்துல கொண்டு வரும்னு அதுல இருந்தே தெரிஞ்சுக்கலாம். இன்னொண்ணும் சொல்லிடறேன், அங்க 2021 ஜனவரி 1க்கு அப்புறம் முதல் தடவையா சேர்றவங்களுக்கு ரிட்டையர் ஆனப்புறம் ஸ்டேட் ஹெல்த் இன்ஷூரன்ஸ் கிடையாது, அதையும் மனசுல வச்சு பிளான் பண்ணு.

கேள்வி: மேடம், நான் மூணு வருஷமா கலிஃபோர்னியால சப் டீச்சர் (லீவு போட்டவங்களுக்கு பதிலா போற டீச்சர்). போன வருஷம் ரெண்டு டிஸ்ட்ரிக்ட்ல சேர்த்து 120 நாள் போனேன். கால்ஸ்டர்ஸ்ல (கலிஃபோர்னியா டீச்சர் பென்ஷன்) நான் மெம்பரா இல்லையான்னு ரெண்டு இடத்துலயும் யாருக்கும் தெரியல. - வாசகி, ஃப்ரீமாண்ட்

உங்க பே ஸ்டப்பை எடுத்து வச்சுக்கிட்டு இதை படிங்க. கழிவுகள் வரிசைல கால்ஸ்டர்ஸ்னு ஒரு லைன் இருக்கா? இல்ல சோஷியல் செக்யூரிட்டின்னோ (மத்திய அரசோட பொது முதியோர் பென்ஷன்), அதுக்கு பதிலா வேற ஒரு ரிட்டையர்மென்ட் பிளான் பேரோ இருக்கா? ரெண்டாவதுதான் இருக்குன்னா நீங்க இன்னும் மெம்பர் இல்ல.

சப் டீச்சருக்கு கலிஃபோர்னியால விதி, ஒரே டிஸ்ட்ரிக்ட்ல ஒரு ஸ்கூல் வருஷத்துல 100 முழு நாள் வேலை பாத்தா மெம்பர்ஷிப் கட்டாயம் ஆகும். உங்க 120 நாள் ரெண்டு இடத்துல பிரிஞ்சிருக்கு, அதனாலதான் தானா நடக்கல. ஆனா 100 வர்ற வரைக்கும் காத்திருக்கணும்னு அவசியமே இல்ல, நீங்களா விருப்பப்பட்டு மெம்பரா சேர்றேன்னு ஃபாரம் குடுக்கலாம், இது நிறைய பேருக்கு தெரியறதே இல்ல. சர்வீஸ் கொஞ்சம் கொஞ்சமாதான் சேரும், ஆனா 5 வருஷ கணக்கு அன்னிக்கே ஓட ஆரம்பிச்சுடும். 2013 ஜனவரி 1க்கு முன்னாடி சேர்ந்தவங்களுக்கு 60 வயசுல, ஒவ்வொரு சர்வீஸ் வருஷத்துக்கும் சம்பளத்துல 2 சதவீதம், அதுக்கப்புறம் சேர்ந்தவங்களுக்கு அதே 2 சதவீதம் 62 வயசுல. நீங்க ரெண்டாவது வகை, அதை மாத்த முடியாது. முழு நேர வேலை கிடைச்சப்புறம் பாத்துக்கலாம்னு மட்டும் விடாதீங்க. டெக்சஸ்ல சப்பா போறவங்களுக்கும் சேர்த்தே சொல்றேன், அங்கயும் வருஷத்துல 90 நாள் சப்பா போயிருந்தா அதை உறுதிப்படுத்தி உங்க பங்கை கட்டி ஒரு வருஷ சர்வீஸா எடுத்துக்க வழி இருக்கு.

கேள்வி: நியூ ஜெர்ஸில வாரத்துக்கு 28 மணி நேரம் ஈஎஸ்எல் டீச்சரா (இங்கிலீஷ் தாய்மொழி இல்லாத பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றது) இருக்கேன். கூட வேலை பாக்குற ஒரு அம்மா இதே 28 மணி நேரத்துக்கு பென்ஷன்ல இருக்காங்க, எனக்கு மட்டும் இல்லன்னு சொல்றாங்க. பாரபட்சமா? - வாசகி, எடிசன்

பாரபட்சம் மாதிரிதான் தெரியும், ஆனா ஸ்கூல் பண்ணினது இல்ல, சட்டம் பண்ணினது. அந்த அம்மா 2010 மே 21க்கு முன்னாடி சேர்ந்திருப்பாங்க. அதுக்கப்புறம் சேர்ற டீச்சர் வாரத்துக்கு 32 மணி நேரமாவது வேலை பாத்தாதான் டீச்சர்ஸ் பென்ஷன் ஃபண்டுல இடம். ஒரு காலத்துல வருஷத்துக்கு 500 டாலர் சம்பளம் இருந்தாலே சேர்த்துக்கிட்டு இருந்தாங்கன்னா நம்புவீங்களா! 32க்கு கீழ இருந்து வருஷ சம்பளம் 5,000 டாலருக்கு மேல இருக்கிறவங்களை வேற ஒரு சேமிப்பு திட்டத்துல போடறாங்க, அதுல நீங்க 5.5 சதவீதம், ஸ்கூல் போர்டு 3 சதவீதம். அது பென்ஷன் இல்ல, சேர்ந்த பணம் என்னவோ அதுதான்.

அடுத்த வருஷ டைம்டேபிள் போடறப்போ பிரின்சிபால்கிட்ட நேரா கேளுங்க, இன்னும் 4 மணி நேரம் சேர்த்து தர முடியுமான்னு. அந்த 4 மணி நேரத்துக்கு வர்ற சம்பளத்தை விட, அதனால திறக்கிற கதவுதான் பெருசு. கூச்சப்படாதீங்க.

கேள்வி: நான் டெக்சஸ்ல 19 வருஷம் டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவள், வயசு 68. என் கணவர் கம்பெனி வேலை, சோஷியல் செக்யூரிட்டி வாங்கறார். "உனக்கு டீச்சர் பென்ஷன் இருக்கறதால மனைவிங்கற முறைல ஒண்ணும் வராது"ன்னு அப்பவே சொல்லிட்டாங்க, அப்ளை கூட பண்ணல. இப்ப சட்டம் மாறிடுச்சுன்னு கோயில்ல ஒருத்தர் சொன்னார், உண்மையா? - வாசகி, ஹூஸ்டன்

உண்மைம்மா. இன்னிக்கே அப்ளை பண்ணுங்க, மீதியை அப்புறம் படிங்க.

1935ல சோஷியல் செக்யூரிட்டி கொண்டு வந்தப்போ ஸ்டேட் ஊழியர்களை, டீச்சர்களை அதுல சேர்க்கல. 1950கள்ல சேர வழி விட்டாங்க, பல ஸ்டேட் சேர்ந்துச்சு, ஆனா டெக்சஸ், கலிஃபோர்னியா, இல்லினாய், ஒஹையோ, மாசசூசெட்ஸ் மாதிரி ஸ்டேட்ல டீச்சருங்க பெரும்பாலும் வெளிலயே இருந்துட்டாங்க. டெக்சஸ்ல சில டிஸ்ட்ரிக்ட் மட்டும்தான் உள்ள. 1977ல ஒரு சட்டம் போட்டாங்க, சோஷியல் செக்யூரிட்டி கட்டாத வேலைல இருந்து வர்ற பென்ஷன் முழுசையும் கணவர் வழியா வர்ற தொகைல இருந்து கழிச்சுடுவோம்னு, 1983ல அந்த கழிவை பென்ஷன்ல மூணுல ரெண்டு பங்கா ஆக்கினாங்க. அதே 1983ல இன்னொண்ணு, அது சொந்தமா சோஷியல் செக்யூரிட்டி கட்டினவங்க தொகையையும் குறைச்சுது.

உங்க விஷயத்துல இது எப்படி அடிச்சிருக்கும்னு பாருங்க. கணவருக்கு முழு வயசு தொகை மாசம் 2,400 டாலர்னா மனைவிக்கு அதுல பாதி, 1,200 வரைக்கும் வரலாம். உங்க டீச்சர் பென்ஷன் 1,800னா அதுல மூணுல ரெண்டு 1,200. கழிச்சா பூஜ்யம். வீட்டுலயே இருந்து ஒரு நாள் கூட வேலைக்கு போகாத பொண்ணுக்கு 1,200 கிடைக்கும், 19 வருஷம் அடுத்த வீட்டு பிள்ளைங்களுக்கு படிக்க சொல்லிக் குடுத்தவங்களுக்கு ஒண்ணும் இல்ல. கணவர் இறந்தப்புறம் வர்ற தொகையிலயும் இதே வெட்டுதான். எத்தனை டீச்சருங்க இதுக்காக அழுதிருக்காங்கன்னு நான் கண்ணால பாத்திருக்கேன்.

இதை தப்பிக்க டெக்சஸ்ல அந்த காலத்துல ஒரு வழி இருந்துச்சு. ரிட்டையர் ஆகுறதுக்கு முன்னாடி கடைசி ஒரே ஒரு நாள், சோஷியல் செக்யூரிட்டி இருக்கிற ஒரு டிஸ்ட்ரிக்ட்டுக்கு போய் துடைக்கிற வேலையோ ஆபீஸ் வேலையோ பாத்தா போதும், வெட்டு கிடையாது. 30 வருஷம் பாடம் எடுத்தவங்க கார் ஓட்டிக்கிட்டு போய் ஒரு நாள் துடைப்பம் பிடிச்சாங்க. 2004ல அதையும் மூடிட்டாங்க, ஒரு நாள் போதாது, கடைசி 60 மாசம் இருக்கணும்னு.

இப்ப வந்திருக்கிற சட்டம் இந்த ரெண்டு வெட்டையும் அடியோட எடுத்துடுச்சு. செனட்ல 76க்கு 20 ஓட்டுல பாஸ் ஆகி, 2025 ஜனவரி 5ம் தேதி பைடன் கையெழுத்து போட்டார். 2024 ஜனவரில இருந்து வரவேண்டிய தொகைக்கே இது செல்லும், ஏற்கனவே வெட்டோட வாங்கிட்டு இருந்தவங்களுக்கு பாக்கியை மொத்தமா குடுத்தாங்க. ஆனா உங்களை மாதிரி அப்ளையே பண்ணாதவங்க விஷயம் வேற, சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ் லிஸ்ட்ல நீங்க இல்லவே இல்ல. நீங்களா அப்ளை பண்ணினாதான் வரும், அதுவும் பின்னாடி போய் பொதுவா 6 மாசத்துக்குதான் தருவாங்க. தள்ளிப் போடற ஒவ்வொரு மாசமும் ஒரு மாச பணம் நிரந்தரமா போகுது. உங்க பேர்ல சொந்தமா சோஷியல் செக்யூரிட்டி ஏதாவது இருந்தா அதை கணக்குல எடுத்துட்டு மீதிதான் வரும். கல்யாண சர்டிஃபிகேட்டை எடுத்து வச்சுக்கோங்க, ஊர்ல பதிவு பண்ணின கல்யாணம்னா அந்த நகல் கேப்பாங்க.

கேள்வி: இல்லினாய்ல எனக்கு பக்கத்து ரூம் டீச்சர் 2010 ஆகஸ்ட்ல சேர்ந்தவங்க, நான் 2011 ஆகஸ்ட். அதே கிரேடு, அதே 9 சதவீத பிடித்தம். அவங்க 5 வருஷத்துல வெஸ்ட், எனக்கு 10. அவங்க 60ல போகலாம், எனக்கு 67. இதை எதிர்த்து கேஸ் போட முடியாதா? - வாசகர், நேப்பர்வில்

உங்க கோபம் எனக்கு நல்லா புரியுது. 2010ல போட்ட சட்டம், 2011 ஜனவரி 1ல இருந்து சேர்றவங்களை இரண்டாம் அடுக்குன்னு பிரிச்சுது, நீங்க ஏழெட்டு மாசம் தாண்டி சேர்ந்திருக்கீங்க.

ஆனா ஏன் புதுசா வர்றவங்க தலைலயே கை வைக்கறாங்கன்னு ஒரு காரணம் இருக்கு. 1970 இல்லினாய் அரசியல் சட்டத்துலயே, பென்ஷன் மெம்பர்ஷிப் ஒரு ஒப்பந்தம், அதோட பலனை குறைக்கக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கு. 2013ல பழைய மெம்பர்களோட பலனை குறைக்கப் பாத்தாங்க, 2015 மே மாசம் ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் அந்த சட்டத்தை மொத்தமா தள்ளிடுச்சு. சேர்ந்தப்புறம் உங்களை தொட முடியாது, சேர்றதுக்கு முன்னாடி என்ன வேணா பண்ணலாம், அதனாலதான் இங்க வெட்டு இன்னும் வேலைக்கே வராதவங்க மேல விழுது, மத்த ஸ்டேட் நிறையவும் பெரும்பாலும் இப்படித்தான். அவங்க சட்டம் போடற இடத்துல உக்காந்து எதிர்த்து பேச முடியாதே. என்னைக் கேட்டா இது நியாயமே இல்ல. அலாஸ்கால 2006 ஜூலைல இருந்து சேர்ந்த டீச்சருக்கு பென்ஷனே கிடையாது, சேமிப்பு கணக்கு மட்டும், சோஷியல் செக்யூரிட்டியும் கிடையாது.

கேஸை விட சட்டசபைல பேசறதுதான் வழி. நியூ யார்க்ல 2010ல இருந்து சேர்ற புது டீச்சருக்கு வெஸ்ட் ஆக 10 வருஷம்னு வச்சாங்க, யூனியன்காரங்க வருஷக்கணக்கா விடாம கேட்டு 2022 ஏப்ரல்ல அதை 5ஆ குறைக்க வச்சாங்க. உங்க லோக்கல் யூனியன்ல இரண்டாம் அடுக்கு பத்தி பேசறப்போ போய் உக்காருங்க, நம்ம ஆளுங்க இந்த மீட்டிங்குக்கு போறதே இல்ல. 2011ல இருந்து விடாம வேலை பாத்திருந்தா உங்களுக்கு அந்த பத்து வருஷம் ஏற்கனவே முடிஞ்சிருக்கும்.

கேள்வி: சென்னைல 12 வருஷம் டீச்சரா இருந்தேன், அந்த சர்வீஸை டெக்சஸ் பென்ஷன்ல சேர்க்க முடியுமா?

முடியாது. அமெரிக்காவோட மத்த ஸ்டேட் பப்ளிக் ஸ்கூல் சர்வீஸைதான் விலை குடுத்து வாங்கலாம், அதுவும் டெக்சஸ்ல 5 வருஷம் முடிச்சப்புறம். சம்பள அளவு நிர்ணயிக்கறப்போ ஊர் அனுபவத்தை டிஸ்ட்ரிக்ட் கணக்குல எடுக்கறது வேற விஷயம், அதுக்கு சர்வீஸ் ரெக்கார்டை குடுத்து பாருங்க. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

கேள்வி: சார்ட்டர் ஸ்கூல்ல (அரசு பணத்துல தனி நிர்வாகம் நடத்தற ஸ்கூல்) ஆஃபர் வந்திருக்கு, பென்ஷன் இருக்குமா?

டெக்சஸ்ல ஓப்பன் என்ரோல்மென்ட் சார்ட்டர் ஸ்கூல்னா இருக்கும். கலிஃபோர்னியால அந்தந்த ஸ்கூல் கால்ஸ்டர்ஸ்ல சேரலாமா வேண்டாமான்னு தானே முடிவு பண்ணும், அதனால கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கேட்டு எழுத்துல வாங்குங்க. பிரைவேட் ஸ்கூல்ல ஸ்டேட் பென்ஷன் இல்ல.

கேள்வி: எட்டு வருஷம் டெக்சஸ்ல டீச்சரா இருந்தேன். ஹெச்-4 ஈஏடி (கணவர் விசா வழியா எனக்கு கிடைச்ச வேலை அனுமதி) முடியுது, குடும்பத்தோட ஊருக்கே திரும்பறோம். இனிமே அமெரிக்கா வருவோமான்னு தெரியல. இப்பவாவது எடுத்துடலாமா? - வாசகி, கேட்டி

நீங்க வெஸ்ட் ஆயாச்சு, எட்டு வருஷம்னா 18.4 சதவீதம். வேலைல இருந்து விலகினாலும் நாட்டை விட்டு போனாலும் அந்த உரிமை போகாது. 65 வயசுல நீங்க கோயம்புத்தூர்ல உக்காந்திருந்தாலும் அது உங்களுதுதான். ரிட்டையர்மென்ட் ஹெல்த் இன்ஷூரன்ஸுக்கு டெக்சஸ்ல 10 வருஷம் கேப்பாங்க, அது உங்களுக்கு வராது, ஊர்ல இருக்கறப்போ அது பெருசா தேவையும் படாது. அவசரத் தேவை இல்லாத வரைக்கும் எடுக்காதீங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி இதை மட்டும் செய்ங்க. டிஆர்எஸ் ஆன்லைன் அக்கவுண்ட்ல ஸ்கூல் ஈமெயிலை எடுத்துட்டு உங்க சொந்த ஈமெயிலை போடுங்க, வேலை முடிஞ்ச அன்னிக்கே ஸ்கூல் ஈமெயில் செத்துடும். அமெரிக்க பேங்க் அக்கவுண்ட் ஒண்ணை மூடாம வச்சுக்கோங்க. கடைசி வருஷாந்திர ஸ்டேட்மென்ட்டை பிரிண்ட் எடுத்து பாஸ்போர்ட் கூட வைங்க, அதுல எட்டு வருஷமும் சரியா ஏறியிருக்கான்னு பாருங்க, ஒரு வருஷம் விட்டுப் போயிருந்தா இப்ப டிஸ்ட்ரிக்ட் ஆபீஸுக்கு நடந்து போய் சரி பண்ணிடலாம். அப்புறம் நாமினி ஃபாரம். சேர்ந்தப்போ கல்யாணம் ஆகாம அப்பா பேரை போட்டு அப்படியே விட்டவங்க எத்தனையோ பேர். உங்களுதுல யார் பேர் இருக்குன்னு இன்னிக்கு ராத்திரியே திறந்து பாத்துட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்க.